மூன்றாவது காலும் இடியாப்ப மாவும்

"உலகத்துல இதுவரைக்கும் பாலைவனத்த ஜெயிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஒட்டகம். இன்னொண்ணு நான்" என்று காண்டீபன் அறிவித்தபோது, அவன் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கவில்லை.

அந்த அறிவிப்பில் விளையாட்டு எதுவும் கிடையாது. திருச்சியில் நிலவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் காண்டீபன், எதைச் சொன்னாலும் முதலில் தான் நம்பிவிட்டுத்தான் பிறரிடம் சொல்வான். அவனுக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே கிணறு தோண்டினால் தண்ணீருக்கு முன்னால் கல்லாகிப் போன கடற்சிப்பி வரும். ஆகவே பழங்காலத்து உயிரினங்கள் அனைத்தும் தனக்கு ஒருவகையில் பங்காளிகள் என்பது அவன் கட்சி. பாலைவனத்தைப் பொறுத்தவரை, அன்று காலையிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அனுபவம் அவனுக்கு இருந்தது.

"கேட்டுக்கங்கடா. பல கோடி வருஷமா ஒரு கால்தடம் இங்க மண்ணுக்கடியில காத்துக் கெடக்கு. யாருக்காக? கோதண்டபாணி சாருக்காகவா? அவரு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கடைசி சீட்டுல படுத்துருக்காரு. எனக்காகத்தான். போறேன், பாக்குறேன், டீ ஆறுறதுக்குள்ள திரும்பி வர்றேன்."

"டீயே இன்னும் வாங்கலியே டே" என்றான் லிங்கத்துரை.

துரை வள்ளியூர்க்காரன். ஆறடி உயரம், அதற்கேற்ற பசி. கல்விச் சுற்றுலா கிளம்பிய நாள் முதல் ரொட்டியும் பருப்பும், பருப்பும் ரொட்டியுமாகத் தின்று அவனுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, கூடப் படிக்கும் பிரிஸ்கில்லாவின் பையில் இருந்தது. வறுத்த அரிசி மாவு. அவள் அம்மா நாசரேத்தில் பொடித்து, சலித்து, பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி, 'வடக்க போற, வயித்துக்கு ஒத்துக்கிடாது' என்று இடியாப்ப உரலோடு கொடுத்து அனுப்பியது. இன்று இரவு ரயிலுக்கு முன்னால், விடுதிச் சமையற்காரர் அடுப்புத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பையைத் துரை பார்க்கிற பார்வையில் ஒரு பக்தி இருந்தது.

உண்மையில் இது பிரிஸ்கில்லாவின் பயணம். வகுப்பில் மற்றவர்கள் விடுதியிலேயே தங்கிவிட, இவர்கள் இருவரும் ஒத்தாசைக்கு வந்தவர்கள். ஒருவன் தூக்குவதற்கு. இன்னொருவன் எதற்கு என்பது இதுவரை தெரியவில்லை.

ஜெய்சல்மேரைத் தாண்டி அந்த வெட்டவெளியில் ஒரு கேட், ஒரு பலகை, ஒரு ஒற்றையடிப் பாதை. பாதை ஒரு கிலோமீட்டர்கூட இராது. அதன் முடிவில் ஒரு பாறை. பாறையில் மூன்று விரல் கொண்ட ஒரு டைனோசரின் கால்தடங்கள் இரண்டு. இரண்டே இரண்டு. அவை ஒரே விலங்கு நடந்துபோன தடங்கள் என்று பிரிஸ்கில்லா தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருந்தாள். கோதண்டபாணி சார் படித்துவிட்டு, "ரெண்டு புள்ளி கெடச்சா யாரு வேணா கோடு போடலாம்மா. மூணாவது புள்ளியக் காட்டு, மாநாட்டுக்கு நானே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது தடம் கிடைத்தால் மாநாடு, அதைக் காட்டி மேற்படிப்பு. கிடைக்காவிட்டால் மே மாதமே வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு. அவள் அப்பா புத்தகங்களை ஏற்கெனவே வாங்கி, அட்டைகூடப் போட்டு வைத்துவிட்டார்.

வேலிக்கு வெளியே பாறை மேல் கிடக்கும் மணலைக் கூட்டிப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. இன்று ஒரு மாலைக்கு மட்டும். சூரியன் இறங்கினால் கேட் மூடிவிடுவார்கள்.

"கெளம்புவோமா?" என்றாள் பிரிஸ்கில்லா. துடைப்பம், அளவு நாடா, கயிறு எல்லாவற்றையும் ஏற்கெனவே துரையின் தோளில் மாட்டியிருந்தாள். மாவுப் பை அவள் முதுகுப்பையில் இருந்தது. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகத் துரை சம்மதிக்கவில்லை. டிரைவரின் மேல் அவனுக்குச் சந்தேகம்.

கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலர் பூராராம் இவர்களுக்குத் தெரியாத மொழியில் ஏதோ சொன்னார். புரியவில்லை என்று தெரிந்ததும் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதி, பாதையோரம் வரிசையாகக் கிடந்த கற்களைக் கை காட்டினார். எல்லாக் கல்லுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டே போனால் பாறை வரும்.

காண்டீபன் சிரித்தான். "கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வழி காட்டுறதா? இது அங்கன்வாடிப் புள்ளைங்களுக்கு. நம்ம நெழல் எந்தப் பக்கம் விழுது பாரு. அதுக்கு நேர் எதிர போனா பாதி தூரம் மிச்சம். எம் பின்னால வாங்க."

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காற்று ஒரு பக்கமாக நிற்காமல், நாலா பக்கமும் போய்ப் போய் வந்தது. கால் புதைகிற மணல், பிறகு காலைக் குத்துகிற சரளை, பிறகு முள். முள்ளுக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் முள். பிரிஸ்கில்லா கடிகாரத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீ சொன்ன பாதி தூரம் முடிஞ்சிட்டா?" என்றாள்.

"அந்த மேட்டுக்கு அந்தாண்டதான்."

மேட்டுக்கு அந்தாண்டை ஒரு கேட் இருந்தது. கேட்டின் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது வேற கேட்" என்றான் காண்டீபன்.

"அதே சேருடே. அதே ஆளு."

"துரை, பாலைவனத்துல கானல்னு ஒண்ணு உண்டு. இல்லாதது இருக்குற மாதிரி தெரியும்."

கானல் திரும்பிப் பார்த்து விசில் ஊதியது. பிறகு வெள்ளைக் கற்களைக் கை காட்டியது.

பிரிஸ்கில்லா முதல் வெள்ளைக் கல்லை நோக்கி நடந்தாள். நடை ஓட்டமாக மாறியது. கல்லிலிருந்து கல்லுக்கு மூவரும் ஓடினார்கள். பாறைக்கு வந்து சேர்ந்தபோது, டீ ஆறும் நேரம் என்ன, டீக்கடையே மூடும் நேரம் ஆகியிருந்தது.

பாறை ஒரு கல்யாண மண்டப மேடை அளவு விரிந்து கிடந்தது. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். ஓரமாக இரும்புக் குழாய் வேலி. அதற்குள்ளே, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடங்கள். மூன்று விரல், நடுவிரல் நீளம்.

காண்டீபன் வேலி மேல் சாய்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"இவ்ளோதானா? பரோட்டா சைஸ்ல இருக்கு. இதுக்கா இவ்ளோ தூரம் ரயில் ஏறி வந்தோம்? எங்க ஊரு வான்கோழிய ஈர மண்ணுல நடக்க விட்டா இதவிட நல்லா வரும்."

பிரிஸ்கில்லா பாறையின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். காலுறையோடு பாறை மேல் ஏறினாள். "ரெண்டு பேரும் கழத்துங்க. ஷூவுக்கடியில சரளை ஒட்டியிருக்கும். தடத்துல பட்டா கீறிரும்."

துரை மறுபேச்சில்லாமல் கழற்றினான். காண்டீபனுக்கோ இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. கைகளைத் தலைக்கு மேல் குவித்தான்.

"அருள்மிகு டைனோசரேஸ்வரர் சன்னதி. செருப்பக் கழட்டி வைக்கவும். அர்ச்சனை டிக்கெட் எங்கம்மா குடுக்குறாங்க?"

"சரி, நீ மேல வராத. ஓரத்துல நில்லு."

அவன் ஓரத்தில் ஷூவோடு நின்றான்.

முதல் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் இடையே அவள் கயிற்றைப் பிடித்து அளந்தாள். அதே நீளத்தை இரண்டாம் தடத்திலிருந்து முன்னால் நீட்டினாள். வேலிக்கு வெளியே, மணல் மூடிய ஓர் இடத்தில் கயிறு போய் நின்றது. அந்த விலங்கு ஒழுங்காக நடந்திருந்தால் அடுத்த கால் இங்கே விழுந்திருக்க வேண்டும். துரை துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். கூட்டக் கூட்டப் பாறை வெளியே வந்தது. பாறை முழுக்கப் பள்ளம், மேடு, பொத்தல். எது மழை அரித்தது, எது கால் மிதித்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் கரும்பலகையில் எழுதுகிற சாக்கை இடித்த பொடி. பொடியைத் தூவி, துண்டால் விசிறினால், சமதளத்தில் இருப்பது பறந்துவிடும். பள்ளத்தில் இருப்பது தங்கும். பள்ளத்தின் உருவம் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

"காண்டீபா, சாக்குப் பொடி டப்பாவக் குடு."

காண்டீபன் வானத்தைப் பார்த்தான். மேற்கே ஒரு மாதிரி பழுப்பாக இருந்தது.

"டப்பா எங்க?"

"அது வந்து... டெல்லி ரயில்ல மேல் பெர்த்துல செல்போன நிக்க வெச்சு வீடியோ எடுத்தேன்ல. அதுக்கு ஒரு ஸ்டாண்டு தேவப்பட்டுச்சு. டப்பா கரெக்டா இருந்துச்சு. அது இப்பவும் அங்கதான் கரெக்டா இருக்கும்."

பிரிஸ்கில்லா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் தன் முதுகுப்பையைப் பார்த்தாள். அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைத் துரை பார்த்துவிட்டான்.

"ஏய், வேண்டாம்" என்றான் துரை. "மணலத் தூவலாம். விபூதி வேணா எங்கிட்ட இருக்கு, எங்கம்மா குடுத்தது."

"விபூதி எவ்வளவு இருக்கு?"

"ஒரு பொட்டலம்."

"இந்தப் பாறைக்கு நெத்தியா இருக்கு? தள்ளுடே."

முடிச்சை அவிழ்த்தாள். வறுத்த மாவின் வாசனை பாலைவனத்தில் எழுந்தது. துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கொசுவலை மாதிரி மெல்லியதாகப் பாறை மேல் தூவினாள். துரை தன் இரவுச் சாப்பாட்டைத் தானே துண்டால் விசிறினான்.

காண்டீபனால் சும்மா இருக்க முடியவில்லை. "கிருஷ்ண ஜெயந்தி கொண்டாடுறீங்களா? எங்க வீட்ல வாசல்லேருந்து பூஜை ரூம் வரைக்கும் சின்னச் சின்னப் பாதம் போடுவாங்க. நீங்க டைனோசருக்குப் போடுறீங்க. சீடை முறுக்கு கொண்டாந்தியா பிரிஸ்கி? வந்து வெண்ணெயத் திருடும்ல."

"வாய மூடிட்டு ஒரு வேல செய்வியா?"

"சொல்லு."

"இந்தப் பையப் புடிச்சிட்டு நில்லு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். நிக்கணும். புடிச்சிருக்கணும். முடியுமா?"

"பாலைவனத்த ஜெயிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

முதல் தூவலில் வெள்ளையாகத் தங்கியவை நாலைந்து வட்டங்கள். மழை அரித்தவை. கொஞ்சம் இடப்பக்கம் தூவினாள். ஒன்றுமில்லை. வலப்பக்கம். விரல் மாதிரி ஒன்று தெரிந்தது; துரை மூச்சைப் பிடித்தான். விசிறினால் அது வெறும் விரிசல். அவள் முழங்காலிட்டு, கன்னம் பாறையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். எழுந்தாள். மறுபடி குனிந்தாள். நிழல்கள் நீண்டுகொண்டே போயின.

தொலைவில் விசில் கேட்டது. இந்த முறை நிறுத்தாமல், நீளமாக.

மேற்கே அந்தப் பழுப்பு நிறம் எழுந்து நின்று வந்துகொண்டிருந்தது.

"புழுதிக் காத்துடே" என்று துரை கத்தினான். "குனி. எல்லாரும் என் துண்டப் புடிங்க."

மூவரும் வேலியோரம் குனிந்து ஆளுக்கொரு முனையாகத் துண்டைப் பிடித்தார்கள். காண்டீபன் ஒரு கையில் துண்டு, மறுகையில் மாவுப் பை. அந்த நேரத்திலும் போனை எடுக்கலாமா என்று அவன் மனம் ஒரு கணம் சபலப்பட்டது. அந்த ஒரு கணத்தில் பிடி தளர்ந்தது. காற்று பையைப் பிடுங்கியது.

பை உருண்டது, எம்பியது, பாறையின் அந்தக் கோடிக்குப் பறந்தது.

பிரிஸ்கில்லா அதைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தைக் காண்டீபன் பார்த்தான். அட்டை போட்ட புத்தகங்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. துண்டை விட்டான். புழுதிக்குள் ஓடினான்.

"காண்டீபா, போகாத."

அதற்குள் அவனைக் காணவில்லை. கை நீட்டினால் கை தெரியவில்லை. மணல் காதில், மூக்கில், பல்லில். "காண்டீபா" என்று துரை கத்திய கத்தலைக் காற்று வாயிலேயே திணித்தது. பாறையின் அந்தப் பக்கம் ஓர் ஆள் உயரச் சரிவு இருந்தது இருவருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பது தெரியாது. எங்கிருந்தோ பூராராமின் விசில் மட்டும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே வா, இங்கே வா என்பதுபோல.

வந்த வேகத்திலேயே காற்று போய்விட்டது. புழுதி மெல்ல இறங்கியது.

பாறையின் அந்தக் கோடியில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலை வெள்ளை, புருவம் வெள்ளை, சட்டை வெள்ளை. இருமியபோது வாயிலிருந்தும் வெள்ளையாக வந்தது. கையில் கிழிந்த பிளாஸ்டிக் பை.

"புடிச்சிட்டேன்" என்றான் காண்டீபன்.

பையில் ஒன்றுமில்லை.

"அடி பட்டுச்சா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"இல்ல."

"சரி." அவள் திரும்பிப் போய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும். கயிற்றை அவள் ஒழுங்காக, சிக்கில்லாமல், வட்டம் வட்டமாகச் சுருட்டினாள். துரை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பாறை மேல் அங்கங்கே ஒட்டியிருந்த இடியாப்பத்துக்குக் கடைசி அஞ்சலி செலுத்தினான். பூராராம் பாதையில் வந்துகொண்டிருந்தார். கேட் மூடும் நேரம்.

காண்டீபன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். காலை ஆட்டினான். பையை மடித்தான், பிரித்தான். கெண்டைக்காலில் சுருக்கென்றது. அடித்தான். இன்னொரு இடத்தில் சுருக்கென்றது.

எறும்பு.

குனிந்து பார்த்தான். விரிசலிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன. கறுப்பாக, வேகமாக, ஊரில் பந்தி போட்ட செய்தி கிடைத்தவர்கள் மாதிரி. சிந்திய மாவைப் பாறையின் சமதளத்திலிருந்து காற்று வழித்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் அவன் காலுக்கு முன்னால் ஓரிடத்தில் எறும்புகள் அப்பிக் கிடந்தன. அந்தக் கறுப்புக்கு ஓர் ஓரம் இருந்தது. ஓரம் வளைந்து போயிற்று. ஒரு முனை நீண்டு கூர்மையாக முடிந்தது. திரும்பியது. அதைவிட நீளமாக இன்னொன்று. திரும்பியது. மூன்றாவது.

காண்டீபன் மூச்சுவிடவில்லை. அவன் வலது ஷூ அந்தத் தடத்தின் குதிகாலிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.

"பிரிஸ்கி" என்றான். அவனுக்கே கேட்காத குரல்.

"என்ன?"

"இங்க வா. ஓடி வராத. மெதுவா வா."

அவள் வந்தாள். பார்த்தாள். அப்படியே முழங்காலிட்டாள். வேலிக்குள்ளிருந்த இரண்டு தடங்களைத் திரும்பிப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். கயிறு தானாகவே கையிலிருந்து அவிழ்ந்தது. ஒரே நேர்கோடு. ஆனால் அவள் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரத்தில்.

"நடக்கல" என்றாள். "அது நடக்கல டே. இந்த எடத்துல ஓட ஆரம்பிச்சிருக்கு. நான் நடந்ததுன்னு எழுதி வச்சிருக்கேன். அத்தனையும் தப்பு." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று துரைக்கு விளங்கவில்லை. இரண்டும்தான்.

"எதுக்கு ஓடிச்சாம்?" என்றபடி துரை ஆவலோடு முன்னால் கால் வைத்தான்.

விசில் காதைக் கிழித்தது. பூராராம் பாறை விளிம்பில் நின்று, துரையின் காலையும் எறும்பு வரைந்த காலையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். துரை தூக்கிய காலை அப்படியே கொக்கு மாதிரி வைத்துக்கொண்டான். பூராராம் அருகே வந்து குனிந்து பார்த்தார். விசில் வாயிலிருந்து தானாக நழுவியது. அதன்பின் அவர் கேட் மூடும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வந்தார். பிரிஸ்கில்லா அளவுகோலை வைத்துப் படம் எடுத்து முடித்ததும், தடத்தைச் சுற்றித் தள்ளித் தள்ளி நாலு கல் வைத்தார். நாளைக்கு வேலியை நீட்ட வேண்டும் என்று கையால் காட்டினார். அது எல்லோருக்கும் புரிந்தது.

திரும்பும்போது காண்டீபன் கடைசியாக நடந்தான். ஒவ்வொரு வெள்ளைக் கல்லாக, ஒன்றைக்கூட விடாமல்.

கோதண்டபாணி சார் கடைசி சீட்டில் படுத்தபடியே படத்தைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மொத்தத்தையும் திருப்பி எழுதணுமேம்மா."

"எழுதுதேன் சார்."

"ஓடுற வெலங்கு. ம். மாநாட்டுக்குக் கடைசித் தேதி எப்போன்னு பாத்து வையி." வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்தார். "இது என்ன, தடம் பூரா கறுப்பா மொய்ச்சிக்கிட்டு?"

"எறும்பு சார். இடியாப்ப மாவுக்கு வந்தது."

சார் அதற்குமேல் கேட்கவில்லை. வயிறு சரியில்லாத நேரத்தில் அவருக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் பிடிக்காது.

பிரிஸ்கில்லா அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, அந்தப் புஸ்தகத்துல அட்டையக் கிழிச்சிராதீங்க. புதுசாவே யாருக்காவது குடுத்துரலாம்" என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "நேர்ல சொல்லுதேன்" என்று சிரித்தாள். துரை அதே நேரத்தில் ரொட்டியும் பருப்பும் தரும் கடை எது பக்கம் என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். சார் தலைகளை எண்ணச் சொன்னார். ஒரு தலை குறைந்தது.

"காண்டீபன் ஒண்ணுக்குப் போறேன்னு போனான்" என்றான் துரை. "ரொம்ப நேரமாச்சு."

பிரிஸ்கில்லா இறங்கி, வெள்ளைக் கற்களைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வெளிச்சம் கொஞ்சந்தான் மிச்சம் இருந்தது. கடைசி வளைவில் நின்றாள்.

பாறையின் விளிம்பில் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சற்றுத் தள்ளிப் பூராராம் விசிலைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றிருந்தார். நாலு கல்லுக்கும் நடுவே காண்டீபன் வெறுங்காலோடு முழங்காலிட்டிருந்தான். புழுதியில் ஓடியபோது அவன் சட்டைப் பையில் நிறைந்துபோன மாவை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, எறும்புகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், தடத்தின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். முதல் விரல் முடிந்திருந்தது. நடுவிரலும். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூன்றாவது விரலின் நகத்தை வரைந்துகொண்டிருந்தான்.

அவள் கூப்பிடவில்லை. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பினாள்.

"வந்துக்கிட்டிருக்கான் சார்" என்றாள் பஸ்ஸில் ஏறி. "கொஞ்சம் பாக்கி இருக்கு."